மணிக்கு அரை மில்லி

தென்காசியில் ஏற்றும்போதே டாக்டர் சொல்லிவிட்டார்:
நெஞ்சுக்குள் ஒரு சின்ன வழி.
எல்லாப் பிள்ளைக்கும் உண்டு.
பிறந்து ஒன்றிரண்டு நாளில்
வேலை முடிந்ததென்று தானாய் அடைத்துக்கொள்ளும்.
இவனுக்கு மட்டும் அடைக்கக் கூடாது,
திருவனந்தபுரம் போய்ச் சேருமட்டும்.

மருந்து, மணிக்கு அரை மில்லி.
சொட்டாக எண்ணினால் பத்து.
ஆறு நிமிஷத்துக்கு ஒன்று.
பதினோரு வருஷம் ஊசி போட்ட கை என்னுடையது,
அந்த நிதானம் அதற்கு வராது.
கட்டைவிரல் கொஞ்சம் அவசரப்பட்டால்
ஒரு நாள் மருந்து ஒரு நொடியில் உள்ளே போய்விடும்.
அதற்குத்தான் இந்தப் பெட்டி.
ஒரு திருகுத் தண்டு, அதைச் சுற்ற ஒரு மோட்டார்,
சிரிஞ்சின் முதுகில் கை வைத்துத் தள்ளிக்கொண்டே இருக்கும்.
கடிகாரத்தின் சின்ன முள்ளுக்குச் சித்தப்பன் மகன்.
பார்த்துக்கொண்டிருந்தால் அசையாது.

போட்டதும் அது கேட்பது
பேரையோ வயசையோ இல்லை,
என்ன கம்பெனி சிரிஞ்சு?
குழாயின் அகலம் மயிரளவு மாறினாலும்
கணக்கு தப்பும்.
சொன்னேன். ஒத்துக்கொண்டது.

செங்கோட்டை தாண்டினால் சாரல்.
உச்சிமாகாளி அண்ணன் வண்டியை ஒடிக்க ஒடிக்க
பிளக் கழன்று கழன்று வந்தது.
பெட்டியின் பேட்டரி பழசு,
பத்து நிமிஷம் தாங்கினால் அதிகம்.
இடது கட்டைவிரலால் பிளக்கை அழுத்திக்கொண்டேன்.
வலது கை பிள்ளையின் உள்ளங்காலில்.
வழியைத் திறந்து வைக்கும் மருந்து
சில நேரம் மூச்சை மறக்கடிக்கும்.
மறந்தால் காலில் சுண்ட வேண்டும்.
மூக்கு அரித்தது. அரிக்கட்டும்.

எதிர் சீட்டில் தகப்பன், செய்யது மசூது,
மரக்கடையில் கணக்கெழுதுகிறவர்.
மடியில் ஒரு துண்டும் பிஸ்கட் பொட்டலமும்.
திரையையே பார்த்துக்கொண்டு கேட்டார்:
'அந்த நம்பர் கூடினா நல்லதா, குறைஞ்சா நல்லதா சிஸ்டர்?'
'மாறாம இருந்தா நல்லதுண்ணே.'

கோட்டைவாசலில்
வளைவுக்குக் குறுக்கே வைக்கோல் லாரி.
அந்தப் பக்கம் மலையாளம், இந்தப் பக்கம் தமிழ்,
இரண்டிலும் 'ரிவர்ஸ்' ஒன்றுதான்.
சைரன் மலையில் மோதி எங்களிடமே திரும்பியது.
'எஞ்சினை அணைச்சிராதீங்க' என்று நான் கத்தியபோது
காலின் சூடு அப்படியே இருந்தது,
வயிறு ஏறவில்லை.
சுண்டினேன். இல்லை.
மறுபடியும். இல்லை.
பலூனை எடுக்க இரண்டு கையும் வேண்டும்.
'அண்ணே, இதைப் பிடிங்க!'

செய்யது மசூது எழுந்தார்.
பிறந்ததிலிருந்து கண்ணாடிக்கு வெளியேதான் நின்றிருக்கிறார்,
பிள்ளையைத் தொட்டதில்லை.
இப்போதும் தொட்டது பிளக்கைத்தான்.
நான் பலூனை அமுக்கினேன்,
ஒன்று, இரண்டு, பதினாலில்
அவனே இழுத்துக்கொண்டான்,
கோபமாக அழுதான்.

லாரி விலக இருபத்திரண்டு நிமிஷம்.
நாலு சொட்டுக்குக் கொஞ்சம் குறைவு.

ஆரியங்காவு, தென்மலை, குளத்துப்புழை, மடத்தறை.
'விடுங்கண்ணே, நான் பிடிச்சுக்கிறேன்' என்றேன்.
விடவில்லை.
நெடுமங்காட்டில் மறுபடி சொன்னேன்.
காதில் விழாதவர் மாதிரி இருந்தார்.

அங்கே அவர்கள் பெட்டி வேறு.
எங்கள் சிரிஞ்சின் பேர் அதன் பட்டியலில் இல்லை.
புதுசு நிரப்பி, கொஞ்ச நேரம் சும்மா ஓடவிட்டு,
பல்லும் பல்லும் நன்றாகக் கவ்விய பிறகே
குழாயை மாற்றினார்கள்.
வேலை தெரிந்த பிள்ளைகள்.
ஆபரேஷன் வெள்ளிக்கிழமை என்றார்கள்.
மூன்றரை மணி நேரம், ஒன்றே முக்கால் மில்லி.
கையெழுத்துப் போட வந்த செய்யது மசூதுக்கு
விரல் மடங்கவில்லை.
பேனாவை இடது கையில் வாங்கினார்.

திரும்பும்போது காலிப் பெட்டி
சிரிஞ்சைக் காணோம் என்று கூவிக்கொண்டே வந்தது.
அணைத்தேன்.
பாலோட்டில் டீக்கு இறங்கினோம்.
'பஞ்சசார?' என்றான் கடைக்காரன்.
'கொறச்சு' என்றார் உச்சிமாகாளி அண்ணன்.
கொறச்சுன்னா எவ்வளவு என்று
கேட்க வாயெடுத்தேன்.