மூத்தவர் பெயர்

"காரணம் நியூமராலஜினு அடிச்சிடவா சார்?
பத்துக்கு ஒன்பது பேருக்கு அதான்" என்கிறார்
சத்துவாச்சாரி கோர்ட்டுக்கு எதிரே
பச்சை வலை நிழலில் டைப் அடிப்பவர்.
கொஞ்சம் இருங்க என்றேன்.
கொஞ்சத்தில் முடிகிற காரணம் இல்லை.

எங்கள் பக்கம் அப்பன் பெயர் ஓர் எழுத்து.
ஒரு புள்ளி வைத்தால் அடங்கிக் கிடக்கும்.
அப்பா குவைத் போன வருஷம்
பாஸ்போர்ட்டில் ஒரு கட்டம் காலியாக இருக்கிறதென்று
ஏஜெண்ட் தாத்தாவை முழுசாக இறக்கிவிட்டார்.
அன்றிலிருந்து பேங்க், ஆதார், பள்ளிக்கூடம்,
நான் பரந்தாமன் தவிட்டான்,
மகள் தன்ஷிகா தவிட்டான், மூணாவது ஏ.
வேனில் அவள் ஏறியதும்
பையன்கள் மாடு மாதிரி கத்துகிறார்களாம்.
அழவில்லை.
நோட்டு லேபிளில் பெயரைப் பாதியில் நிறுத்தியிருந்தாள்.

கலவை ரோடு ரைஸ் மில்லில் எடைமேடை என்னுடையது.
தவிடு கிலோ இருபத்திரண்டு, தினமும் பில் போடுகிறேன்.
ஒரு முறம் தவிடு முக்கால் கிலோ தேறுமா?
பதினாறு ரூபாய் ஐம்பது காசு
என் வம்சத்தின் விலை.

மூன்று பிள்ளை வரிசையாகப் போன வீட்டில்
நாலாவதைக் குப்பைமேட்டில் போட்டார்கள்.
எதிர்வீட்டுக்காரி எடுத்துப் போய்
ஒரு முறம் தவிட்டுக்குத் திருப்பி விற்றாள்.
எமன் வந்து கேட்டால் சொல்ல வேண்டுமே,
இது பெத்தது இல்லை, வாங்கினது.
நம்பிப் போனவன்
எண்பத்திரண்டு வருஷம் கழித்துத்தான் திரும்பினான்.

அவ்வளவு உழைத்த பெயரை
இருபது ரூபாய்ப் பத்திரத்தில் கழற்ற வந்திருக்கிறேன்.

அப்பா பிறந்தது வட ஆற்காடு மாவட்டம்.
நான் வட ஆற்காடு அம்பேத்கர்.
தன்ஷிகா வேலூர். சின்னவன் ராணிப்பேட்டை.
வீடு ஓரடி நகரவில்லை.
பாலாறும் அதே மணலோடுதான்.

போன வாரம் அப்பாவிடம் கேட்டேன்,
போன மூணுக்கும் பேர் இருந்ததா?
"தருமன், பீமன், அருச்சுனன்.
பாரதக் கூத்து ஊர்ல நடந்த வருஷங்க.
நாலாவது பேரைத் தொட யாருக்கும் தைரியம் வரல."
தருமன் பதினோரு நாள் இருந்தானாம்.
யாரும் கூப்பிட்டுப் பழகாத பெயர்,
மடிப்புக் கலையாத வேட்டி மாதிரி.

"செத்த பிள்ளை பேரையா?" என்றாள் பூவரசி.
அப்புறம் குண்டானைக் கவிழ்த்து வைத்தபடியே
"த-வுக்கு த-தான். பாத்திரத்துல வெட்டினது
அப்படியே இருக்கலாம்" என்றாள்.
எங்கள் வீட்டில் சம்மதம் இப்படித்தான் வரும்.

அப்பா மட்டும் கையெழுத்துப் போடவில்லை.
"நீங்க மாத்திக்குங்க.
வாசல்ல ஒருத்தன் பழைய பேரோட படுத்திருக்கணும்.
அவன் கையில என்ன லிஸ்ட்டோ."

"சார், காரணம்?"
குடும்பத்தில் மூத்தவர் பெயர் என்று அடிங்க.
"மூத்தவருக்கு வயசு?"
பதினோரு நாள்.
அவர் விரல்கள் சாவிகள் மேலேயே நின்றன.
பிறகு மெதுவாக அடித்தார்:
இதுவரை தவிட்டான் என அழைக்கப்பட்டு வந்த நாங்கள்
இனிமேல் தருமன் என அழைக்கப்படுவோம்.

அரசிதழ் வந்த வாரம் தன்ஷிகாவுக்குக் காய்ச்சல்.
நூற்றிமூன்று. இரவு இரண்டு மணி.
ஈரத்துணி மாற்றும்போது
அவள் காதில் நானாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்,
தவிட்டுக் குட்டி, தவிட்டுக் குட்டி,
வாசலுக்குக் கேட்கிற அளவுக்கு.
வெளியே அப்பா இருமினார்.