பகுதி எண்

ஓஸ்ட்ராவா. திங்கள், புதன், வெள்ளி.
காலை ஆறரைக்கு முதல் ஊசி.
ஆறாம் நாற்காலியில் அலோய்ஸ், பங்கில் திருத்தொண்டர்.
ஏழில் க்விடோ,
நிலக்கரிச் சுரங்கத்தில் முப்பது வருடம் அளவைக்காரர்.
இருவரும் என்னை சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள்.
ஒருவருக்கு அது உறவு,
மற்றவருக்கு அது வேலை.

நான்கு மணி நேரம்
ரத்தம் குழாய்வழி வெளியே போய்
கழுவிக்கொண்டு திரும்பும்.
கையை அசைக்கக் கூடாது. வாயை அசைக்கலாம்.
ஆகவே கடவுள்.

"தாகம் என்று ஒன்று இருந்தால்
தண்ணீர் என்று ஒன்று இருக்கத்தானே வேண்டும்?"
இது அலோய்ஸ்.
"இருக்கட்டுமே. எனக்கு உண்டு என்று யார் சொன்னது?
இவளைக் கேளும். நாளைக்கு எண்ணூறு மில்லி."
சிரித்துவிட்டு இருவரும்
உலர்ந்த உதட்டை நக்கிக்கொள்வார்கள்.
ஆளுக்கொரு ஐஸ் துண்டு தருவேன்.
அதையும் கணக்கில் எழுதுவேன்.

க்விடோவிடம் பழைய கணக்கு ஒன்று இருந்தது.
ஒரு பிப்ரவரியில்
பதினொரு பேர் மேல் கூரை சரிந்தது.
ஏழு பேர் வெளியே வந்தார்கள்.
கோயிலில் ஏழு மெழுகுவத்தி, நன்றித் திருப்பலி.
"தொகுதியை மட்டும் வாசிக்கிறீர்கள் ஐயா.
கோட்டுக்குக் கீழே பதினொன்று என்று இருக்கிறது.
மிச்ச நால்வர் வீட்டிலும்
அன்றிரவு ஜெபம் நடந்தது.
நான் வாசலில் நின்று கேட்டேன்.
அந்த வரைபடத்தில் இருப்பது
என் கையெழுத்து."

அலோய்ஸ் பலவிதமாய்ப் பதில் சொல்வார்.
சுதந்திர சித்தம் என்பார்.
மண்ணுக்கு ஏது சித்தம் என்பார் இவர்.
நமக்குத் தெரியாத காரணம் என்பார்.
"தெரியாது என்பதில் இருவரும் ஒன்று.
நான் அங்கேயே நிறுத்திக்கொள்கிறேன்,
நீர் அதற்கு மேல் கோபுரம் கட்டுகிறீர்."

ஒரே ஒருமுறை அலோய்ஸ் திருப்பிக் கேட்டார்:
"நாற்பது வருடமாக
அந்த நால்வரை எண்ணிக்கொண்டிருக்கிறீரே,
எந்தத் தர்க்கம் உம்மை எண்ணச் சொன்னது?"
க்விடோ திரையைப் பார்த்தார்.
அழுத்தம் பன்னிரண்டு ஏறியது. நான் மட்டும் கவனித்தேன்.
"தர்க்கம் இல்லைதான்," என்றார்.
"அதற்காக அது உம்முடையதாகிவிடாது."

எனக்கு ஞானஸ்நானம் கிடையாது.
எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் என்றால் கெண்டை மீன்,
அவ்வளவே.
யார் ஜெயித்தார் என்று நான் குறித்ததில்லை.
எடை குறித்தேன்,
வந்தபோது ஒன்று, போகும்போது ஒன்று.

மார்ச்சில் ஏழாம் நாற்காலிக்கு
ஒரு லாரி ஓட்டுநர் வந்தார், காதில் ஹெட்போனோடு.
ஐஸ் வேண்டாம் என்றார்.

இரண்டு வாரம் அலோய்ஸ் வாய் திறக்கவில்லை.
பிறகு ஒரு புதன்கிழமை, நான் ஊசியை எடுக்கும்போது
தானாகத் தொடங்கினார்,
க்விடோவின் அதே கரகரப்பில்:
"தொகுதியை மட்டும் வாசிக்கிறீர்கள் ஐயா..."
முழுக்கச் சொன்னார். கூரை, வாசல், வரைபடம்.
க்விடோ ஒருநாளும் சொல்லாத
ஒரு படியையும் சேர்த்துக்கொண்டார்:
"ஏழு பேரைத் தூக்கிய கைக்கு
நாலு பேரும் எட்டும் தூரத்தில்தான் இருந்தார்கள்."

செத்தவர் சொன்னதைவிட அது கூர்மையாக இருந்தது.
பக்கத்து நாற்காலியில் தலை ஆடிக்கொண்டிருந்தது,
வேறு எதற்கோ.

"சரி, உங்கள் பதில்?" என்றேன்.
முழங்கையில் பஞ்சை அழுத்திப் பிடித்திருந்தார்.
பத்து நிமிடம் பிடிக்க வேண்டும்.
எட்டாவது நிமிடத்தில் சொன்னார்:
"இன்று அவர் முறை."

தராசில் ஏற்றினேன்.
போக வேண்டிய எடையைவிட இருநூறு கிராம் கூட.
என்ன இது என்றார்.
தண்ணீர்தான் என்றேன்,
எழுதிக்கொண்டேன்.