அதியுயர் கல்வித் தகைமை

படிவத்தின் ஏழாம் கூண்டு
இரண்டு விரல் அகலம்.
சாதாரணதரம், உயர்தரம், வேறு.
'வேறு' என்பதற்கு நேரே ஒரு புள்ளிக்கோடு.
பதினொரு புள்ளி, எண்ணிவிட்டேன்.
நுண்துளைத் திண்மங்களில் வெப்பக் கடத்தல்,
லீட்ஸ் பல்கலைக்கழகம்,
ஆறு வருடம், ஒரு கருச்சிதைவு,
முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம்
பதினொரு புள்ளிக்குள் அடங்காது.

மருதானை தொழில்நுட்பக் கல்லூரிக் கந்தோரில்
மின்விசிறி இலிகிதர் பக்கம் மட்டும் திரும்புகிறது.
குளிரூட்டல், வளிச்சீராக்கல்: சான்றிதழ்ப் பாடநெறி.
சனி, ஞாயிறு. ஆறு மாதம். சிங்கள மொழிமூலம்.
இருபத்துநாலு இடம்,
முதலில் வருவோர்க்கு முதலில்.
முன்னால் நின்ற பெடியன் பேனை கேட்டான்.
"அன்ரி, மகனுக்கோ?"
"எனக்கு."
எழுதி முடித்த பிறகும் பேனையைக் கொஞ்சநேரம்
கையிலேயே வைத்திருந்தான்.

பங்குனியில், எங்கள் துறையின் குளிர்பெட்டி
செத்த அன்று தொடங்கியது இது.
உள்ளே பதினாலு மாதத்து மாதிரிகள் வியர்த்தன.
நான் பெட்டியின் முதுகுக்குப் பின்னால் குந்தியிருந்து
சுழற்சியை மனதில் வரைந்தேன்:
அமுக்கம், ஒடுக்கம், விரிவு, ஆவி.
ஒரு பிழையும் இல்லை.
பெட்டி சுட்டது.
தெமட்டகொடையிலிருந்து ஃபலீல் வந்தார்,
அந்தக் கறுப்பு உருண்டையில் காதை வைத்தார்.
"ரிலே போயிட்டு, மிஸ்."
எப்படித் தெரியும்?
"சத்தத்துல விளங்கும்."
பன்னிரண்டு நிமிடம். மூவாயிரத்தைந்நூறு ரூபாய்.
வெப்பவியலில் கலாநிதியான எனக்கு
அந்தச் சத்தத்துக்கு ஒரு பெயர்கூடத் தெரியாது.

வீட்டில் குகதாசன் சிரித்தார்:
"பட்டத்தை ஏத்திறதுக்குத்தான் காலிமுகத்திடலுக்குப் போறவை.
இறக்கிறதுக்கும் காசு கட்டுவினமோ?"
பீடாதிபதியின் கவலை வேறு.
விவரக்கோவையில் இதை எங்கே போடுவீர்கள்?
மேலே போட்டால் சிரிப்பார்கள்,
கீழே போட்டால் ஏனென்று கேட்பார்கள்.
ஸ்காபரோவிலிருந்து அக்கா, நள்ளிரவுக் குரல்பதிவில்:
"உன்ர படிப்புக்கு அம்மா கொக்குவில் காணியை ஈடு வைச்சவா.
ஏசி திருத்தவோ?"
அதற்கு மட்டும் இன்னும் பதில் அனுப்பவில்லை.

சூடு, விட்டால், மேலிருந்து கீழே தானாக வரும்.
பதினேழு வருடம் இதைப் பலகையில் எழுதினேன்.
நான் தானாக வரவில்லை.
வெள்ளவத்தையில் நூறாம் இலக்க பஸ் ஏறி,
கோட்டையில் இறங்கி, இன்னொன்று பிடித்து,
நெரிசலில் ஒரு செருப்பின் வார் அறுந்து,
வேலை செய்து வந்திருக்கிறேன்.
சிங்களத்தில் ஒரு கடிதம்
பிழையில்லாமல் எழுதியதில்லை இதுவரை.
வகுப்பில் கடைசியாக வருவேன்.
முன்பு எப்போது கடைசியாக வந்தேன் என்று யோசித்தேன்,
அப்படி ஒரு நாள் கிடைக்கவில்லை.

ஏழாம் கூண்டில் எழுதினேன்:
சாதாரணதரம், 1993.
பொய் இல்லை.
மிச்சத்துக்கு அங்கே இடமில்லை என்று
எனக்கு நானே சொன்னதுதான்
கொஞ்சம் வசதியான பொய்.
இலிகிதர் கண்ணாடியை உயர்த்தினார்.
கணிதம்?
டி.
"ஹொந்தய்" என்றார், மெய்யாகவே.
முப்பது வருடத்துக்குப் பிறகு
அந்த ஒற்றை எழுத்துக்காக ஒருவர் சந்தோஷப்பட,
எனக்குக் காது சூடேறியது.

பெடியனுக்குப் பதினெட்டு. எனக்குப் பத்தொன்பது.
இருபத்துநாலோடு கொப்பியை மூடிவிடுவார்கள்.
இலக்கத் துண்டை நாலாக மடித்துப்
பைக்குள் வைத்தேன்.
வரிசை படிக்கட்டைத் தாண்டி வெயிலில் நின்றது.
எனக்குப் பின்னால் ஆறாவதாக நிற்பது யாரென்று
நான் திரும்பிப் பார்க்கவில்லை.