மூடுமண்

மாங்குளத்துப் பூங்காவில்
ஊஞ்சல் சாய்ந்துபோயிற்று.
திறந்து மூன்று மாரிதான்.
முதல் மாரிக்கு ஒரு சாண் இறங்கியது நிலம்,
அடுத்ததற்கு ஒரு முழம்.
மூன்றாவதில்
புல்லை விலக்கிக்கொண்டு பொலித்தீன் முளைத்தது,
யாரோ விதைத்து மறந்த பயிர் மாதிரி.
சறுக்குப் பலகையின் காலடியில்
ஒரு பற்தூரிகை, நிமிர்ந்தபடி.

சபை கூடியது.
ஒப்பந்தக்காரரைப் பேசினார்கள், மண்ணைப் பேசினார்கள்,
என்னை ஒருவரும் பேசவில்லை.
கொட்டினவன் நான்.

ஆறு வருஷம். நாளுக்கு மூன்று பெட்டி.
சந்தைக் கழிவு, மீன்கடைச் செதில்,
கலியாண மண்டபத்து வாழையிலை.
இறக்கிவிட்டுத் திரும்பும்போது
உழவு இயந்திரத்துக்குப் பின்னால்
கடைசி வளைவு வரைக்கும் காகங்கள் வரும்.
என் சேட்டை மட்டும்
வேறு கொடியில் காயப்போடுவாள் புஸ்பமலர்.

பொறியியலாளர் பிள்ளை வவுனியாவிலிருந்து வந்தார்.
அபிவர்ணா என்று பெயர்.
பொனற்றின் மேல் வரைபடத்தை விரித்து
"அண்ணை, எந்தப் பக்கம் எது கிடக்கு?" என்று கேட்டார்.
வரைபடத்தில் எல்லா இடமும் பச்சை.
நான் காலால் காட்டினேன்.
இது தேங்காய் மட்டை, உக்கியிருக்கும்.
அந்தக் கரை முழுக்கக் கட்டட இடிபாடு, இறுகிக் கிடக்கும்.
ஊஞ்சல் நிற்கிற இடம்
பம்பஸும் இளநீர்க் கோம்பையும்,
இன்னும் ஐந்து வருஷம் இறங்கும், பிள்ளை.
அவர் எழுதிக்கொண்டார்.
நான் சொல்லச் சொல்ல ஒருவர் எழுதினது
இது இரண்டாம் தரம்.
முதல் தரம் முகாமில்,
குடும்ப விவரம்.

வாயு போகக் குழாய் இறக்க வேண்டும். அதற்குக் கிடங்கு.
கண்ணிவெடிக்காரரின் கடிதம் இருக்கா என்று
பேக்கோ நிதுசன் இரண்டு முறை கேட்டான்.
இருந்தது.
இருந்தும் முதல் வாளியை
நித்திரைப் பிள்ளையைக் கிடத்துகிற மாதிரித்தான் இறக்கினான்.

ஒரு மீற்றரில் சொப்பிங் பை.
ஒன்றரையில் கறுப்புத் தண்ணீர், மூக்கைப் பொத்தினோம்.
இரண்டில்
வாளிப் பல்லில் மாட்டி
நீள நீளமாய் எழும்பியது ஒரு தறப்பாள்.
வெள்ளை. கரையில் நீலம்.
மூலையில் பெயின்ற் எழுத்து:
நூற்றுப் பதினேழு.

வீட்டுத்திட்டத்து வீட்டுக்குக் குடிபோன கிழமை
நானே மடித்து
நானே ஏற்றி
நானே கொட்டினது.
இரண்டு மாரி கூரை.
பிறகு, கிணற்றடியில் மறைப்பு.
உக்கியிருக்கும் என்று நினைத்திருந்தேன்.
ஏழின் வால்கூட அழியவில்லை.

"என்னண்ணை, தெரிஞ்ச சாமானோ?"
"தறப்பாள்" என்றேன்.
பொய் இல்லையே.

குளத்துக் களி நாற்பது பெட்டி.
உருளை ஓட்டி, தண்ணீர் அடித்து, திரும்ப ஓட்டி,
அதன் மேல் கிரவல், அதன் மேல் தோட்டத்து மண்.
இந்த முறை கணக்கில் கள்ளமில்லை,
ஒவ்வொரு பெட்டியையும் நான் எண்ணினேன்.
வீரை வைப்பமா, பாலை வைப்பமா என்று கேட்டேன்.
வேண்டாம் என்றார் அபிவர்ணா.
ஆழ வேர் மூடுமண்ணைக் கிழித்துவிடும்,
புல்லும் செவ்வரத்தையும் போதும்.
சுற்றிவர முதிரைக் காடு.
நடுவில் இடுப்புயரத்துக்கு ஒரு பூங்கா.
சரி.

ஊஞ்சலை இடிபாட்டுக் கரைக்கு மாற்றினோம்.
அங்கே நிலம் அசையாது.
ஆருடைய வீட்டுச் சுவர்களோ தெரியாது,
தாங்குகின்றன.

நேற்றுத் திறப்பு விழா.
ஒலிவாங்கி கரகரத்துக்கொண்டிருக்க
ஒரு பொடியன் குழாய் வாயில்
சொப்பிங் பையைக் கவிழ்த்துப் பிடித்தான்.
பை மெல்ல உப்பியது.
"கூழ்முட்டை மணக்குது!" என்று கத்தி
கையை விட்டான்.
கச்சான் காற்று அதைத் தூக்கிக்கொண்டு
நாடாவுக்கு மேலால், பேச்சுக்கு மேலால்,
வேலி தாண்டிப் போனது.
வந்தவர்கள் அண்ணாந்து பார்த்துக் கைதட்டினார்கள்,
விழாவில் இதுவும் ஒன்று என்று.

நான் அதற்குப் பின்னால் போனேன்.
எங்கேயாவது விழும்.
விழுகிற இடத்தில் பொறுக்க வேண்டும்,
சம்பளம் அதுக்குத்தான்.