தொள்ளாயிரத்து முப்பத்தொன்று

பெட்டியில் ஒன்று என்று போட்டிருந்தது.
ஒரு டெராபைட். நீல எழுத்து.
எழுபத்தொன்பது பிராங்க்.

வீட்டுக்கு வந்து வயரைச் செருகினால்
கணினி சொல்கிறது: 931 ஜிபி.
கழற்றினேன், வாயால் ஊதினேன்,
மறுபடி செருகினேன்.
931.

லீஸ் மண்டபத்தில் குலவீரசிங்கம் அண்ணையின்
மகள் கல்யாணம். இரண்டு கமரா, ஒரு ட்ரோன்.
இதே கணினியில் கூட்டிப் பார்த்து 940 என்று
துண்டில் எழுதிக்கொண்டுதான் கடைக்குப் போனேன்.
ஆயிரத்தில் 940 போனால் அறுபது மிச்சம்,
அதில் மாப்பிள்ளையின் பிறந்தநாளையும் போட்டுக் கொடுத்து
நல்ல பெயர் வாங்கலாம் என்று
ட்ராமே இல்லாத ஊரில் பஸ்ஸுக்கு நிற்கையில் நினைத்தேன்.

மழைக்குள் திரும்ப நடந்தேன்.
பீல் நகரில் தெருவுக்கு இரண்டு பெயர்,
ஒரே பலகையில் ஜெர்மனும் பிரெஞ்சும்.
இரண்டு பெயர் வைத்ததால்
எந்தத் தெருவும் ஒரு கல்லுக்குக்கூட நீண்டதில்லை.
இது இப்போது தோன்றுவது.
அப்போது மனதில் இருந்தது ஒரே சொல்:
கள்ளர்.
அறுபத்தொன்பதை விழுங்கிய கள்ளர்.

கடையில் லோரிஸ், மூக்கில் சின்ன வளையம்,
என் பற்றுச்சீட்டின் முதுகில்
பென்சிலால் எழுதினான்:
இரண்டு, நான்கு, எட்டு, பதினாறு...
கணினிக்கு விரல் இரண்டுதானாம்.
இரட்டித்து இரட்டித்தே ஏறும்.
ஆயிரம் என்ற படியில் அதன் கால் விழாது,
இருபத்துநான்கு தள்ளித்தான் விழும்.
பெட்டி செய்தவனுக்கு விரல் பத்து.
அவன் ஆயிரம் ஆயிரமாக எண்ணி அடைத்தான்.
கிலோவில் அந்த இருபத்துநான்கு வெறும் தூசு.
மெகா, கிகா என்று ஏற ஏற
தூசு சேர்ந்து ஒரு கல்யாணத்தை மறிக்கும்.
"உள்ளே இருப்பது அதேதான்," என்றான்.
"ஒருவரும் எடுக்கவில்லை. எண்ணுகிற ஆள் வேறு."

எவ்வளவு காட்டுகிறது என்று கேட்டான்.
ஜெர்மனில் சொன்னேன்,
அங்கே முப்பதுக்கு முன்னால் ஒன்று ஓடி வரும்.
அவன் பிரெஞ்சில் திருப்பிச் சொல்லிக் குறித்தான்.
நான் வாய்க்குள் தமிழில் சொல்லிப் பார்த்தேன்:
தொள்ளாயிரத்து முப்பத்தொன்று.

அப்படியே நின்றுவிட்டேன்.
தொள்
ஆயிரம்.

ஒன்பது நூறைக் கையில் வைத்துவிட்டு
ஆயிரம் என்று வாய் நிறையச் சொல்லும் மொழியில்
நான் எண்ணப் பழகியிருக்கிறேன்.
தொண்ணூறும் அதே சாதி,
நூறைக் காட்டிப் பத்தைக் குறைக்கும்.
எண்பது தாண்டினால் தமிழுக்குப் பொறுமை இல்லை.
அதை ஒருவரும் எந்தக் கவுண்டரிலும்
திருப்பிக் கொடுத்ததில்லை.

"காசு திருப்பித் தரட்டுமா?" என்றான் லோரிஸ்.
வேண்டாம் என்றேன்.

ஆனாலும் ஒன்பது ஜிபி வெட்டத்தான் வேண்டும்.

இரவு பதினொன்று.
இரண்டாம் கமராவை நிறுத்த மறந்திருக்கிறேன்.
சனம் போன மண்டபம், நாற்பது நிமிடம்.
கதிரை அடுக்கும் இரண்டு பொடியன்கள்.
பெண்ணின் தாய், அன்றைக்கு முதல்முறையாக உட்கார்ந்து,
கொண்டை ஊசிகளை ஒவ்வொன்றாக உருவி
ஐஸ்கிரீம் தின்ற தட்டில் போடுகிறா.
உதடு அசைகிறது. சத்தம் இல்லை.
பன்னிரண்டு ஜிபி.
அழிக்கும் பொத்தானில் விரலை வைத்தேன்.
எடுத்தேன்.

ட்ரோன் ஏரியைச் சுற்றி வந்த பத்து நிமிடம், பதினான்கு ஜிபி.
என் விளம்பர அட்டையில்
தடித்த எழுத்தில் இருப்பது அதுதான்.
அதை அழித்தேன்.

ஞாயிறு அண்ணை போன் எடுத்தார்.
"எட்டு மணித்தியாலம் எண்டு போட்டிருந்தீர் தம்பி.
ஏழு ஐம்பதுதானே ஓடுது?"

பற்றுச்சீட்டு மேசையில்தான் கிடந்தது,
பென்சில் எழுத்து மேலே.
இரண்டு, நான்கு, எட்டு.
"ஓம் அண்ணை," என்றேன்.
"எட்டு எண்டுதான் போட்டனான்."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சில்லை.
டிவி ஓடும் சத்தம், அதுவும் நின்றது.

"கடைசித் துண்டில," என்றார்,
"ஊசி முப்பத்தொண்டு.
இருந்து எண்ணினனான்."