காற்றுப் பிரியும் வரை

புந்தா அரேனாஸில் சில தெருக்களில் கயிறு கட்டியிருப்போம்.
காற்று முற்றிய நாளில்
அதைப் பிடித்துத்தான் மூலை திரும்ப வேண்டும்.
எலியோதோரோ பார்ரியா அப்படித்தான் வந்து சேர்ந்தார்,
இரவெல்லாம் கரைசல் குடித்து
இரவெல்லாம் கழிவறைக்கு நடந்து
கண்கள் உள்ளே போயிருந்தன.

முப்பத்தொரு வருடம் ஆடறுக்கும் கூடத்தில் வேலை.
"நான் உருவிய குடலையெல்லாம் முடிந்தால்
நீரிணையின் அக்கரைக்குப் போய்த் திரும்பலாம்."
மயக்க மருந்து வேண்டாமாம்.
தன்னுடையதை ஒருமுறை பார்க்க வேண்டுமாம்.

இடப்பக்கம் ஒருக்களிக்க வைத்தேன், முழங்கால் நெஞ்சுக்கு.
நாங்கள் எப்போதும் முடிவிலிருந்து தொடங்குகிறவர்கள்.
மலக்குடல்,
காத்திருப்பதற்கென்றே கட்டிய அறை.
அப்புறம் நெளிகுடல். பெயர் வைத்தவர் பொய் சொல்லவில்லை;
குழாய் அங்கே தன்மேலேயே வளையம் போட்டுக்கொண்டது.
தொப்புளுக்குக் கீழே உள்ளங்கை வைத்து அழுத்தினேன்.
"ஆட்டை நானும் இங்கேதான் அழுத்துவேன்" என்றார்.

இறங்குகுடலில் ஏறினோம்.
மண்ணீரலருகே திரும்பினோம்.
குறுக்குக்குடலில் திரை முக்கோணமானது:
நீளவாக்கில் மூன்று தசை நாடாக்கள்
பாவாடை நாடா துணியைச் சுருக்குவது போல்
சுவரை இழுத்து இழுத்து
அறை அறையாக ஆக்கியிருந்தன.

"எங்கே சுருள்?"

ஆட்டுக்குக் குடல் நத்தை ஓடு மாதிரி
சுற்றிச் சுற்றி உள்ளே போகும்,
நடுவில் திரும்பி, சுற்றிச் சுற்றி வெளியே வரும்.
மனிதனுக்கு வெறும் நிலைச்சட்டம், ஐந்தடி நீளம்.
"இவ்வளவுதானா?"
குரலில் கொஞ்சம் ஏமாற்றம்.

இவ்வளவுதான், பார்ரியா.
சிறுகுடல் சத்தை எடுத்துக்கொண்டு
தள்ளிவிட்ட ஒன்றரை லிட்டர் கலங்கல்
நாள்தோறும் இதன் வாசலுக்கு வருகிறது.
இதற்கு அவசரமே கிடையாது.
ஒரு பகல், ஓர் இரவு, சில நேரம் இன்னொரு பகல்,
உப்பை இழுத்து, உப்பின் பின்னால் தண்ணீரையும் இழுத்து
ரத்தத்துக்கே திருப்பித் தருகிறது.
வெளியே போவது அரைத் தம்ளர் ஈரம்.
மீந்த நாரைத் தின்று பிழைக்கும் கோடி கோடி உயிர்கள்
வாடகையாய்ச் சுவருக்குச் சோறு போடுகின்றன,
கூடவே கொஞ்சம் காற்றும்.

இதில் ஒரு சொல்லும் நான் வாய்விட்டுச் சொல்லவில்லை.
அழுத்திக்கொண்டிருந்தேன்.

சுவருக்கு அப்பால் நீலமாய் ஒரு நிழல்.
"கல்லீரல்."
சொன்னது அவர்தான். டாக்டர் ராதிச்
திரையை விட்டு ஒரு கணம் அவரைப் பார்த்தாள்.

ஏறுகுடலில் இறங்கி, குருட்டுக்குடல்.
குடல்வாலின் துளை, பிறை போல.
பக்கத்தில் சிறுகுடலின் வாசல்,
ஏதோ சொல்ல வந்து
மூடிக்கொண்ட இரண்டு உதடு.

தேடுவது திரும்பும்போதுதான்.
நெளிகுடலின் ஒரு மடிப்புக்குப் பின்னால்
காம்போடு ஒரு காளான், பட்டாணியளவு.
"முடிச்சு" என்றார். பிறகு நெடுநேரம் கழித்து,
"முடிச்சு விழுந்த குடலை நான் தூக்கி எறிந்துவிடுவேன்."
கம்பிச் சுருக்கு இறுகியது. சின்னதாய்ப் புகை.
"முடிச்சை மட்டும்தான் எடுக்கிறோம்" என்றாள் ராதிச்,
அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை.

மீட்பறையில் கேட்பதற்கு எனக்கு ஒரே கேள்வி.
காற்றுப் பிரிந்ததா?
ரத்தத்தில் நின்று வயதான மனிதர்
காது வரை சிவந்தார்.
வெளியே தகரக் கூரைகள் பிய்த்துக்கொண்டு போயின.
"அது போதாதா உங்களுக்கு?"
போதாது. காத்திருந்தோம்.
பக்கத்துக் கட்டில் கணக்கு ஆசிரியை
செய்தித்தாளுக்குப் பின்னால் காத்திருந்தாள்.

வந்தது. நீளமாக, கூச்சமே இல்லாமல்.
முதலில் சிரித்தது ஆசிரியை.
கடைசியாகச் சிரித்தது அவர்.

என் மேசையில் சின்னக் குப்பி.
மூடியில் அவர் பெயரை யாரோ தப்பாக எழுதியிருந்தார்கள்.
அடித்து, திருத்தி எழுதினேன்.
முடிவு வரப் பத்து நாளாகும்.