ஒரு நாள் மிச்சம்

"எந்த நாள்?" என்று கேட்டார் பஸீஹா மிஸ்.
அளுத்கடையில், போட்டோகொப்பிக் கடைக்கு மேலே
காற்றாடி சுற்றும்போதெல்லாம் கோப்புகள்
வாய் திறந்து மூடும் அறை.

எந்த நாள் என்றால்,
கேற்றில் செக்கியூரிட்டி என் அட்டையை வாங்கித்
திருப்பித் தராத நாள் இருக்கிறது:
ஓகஸ்ட் இருபத்தேழு.
சாப்பாட்டுப் பெட்டியோடு வெளியே நின்றேன்.
கிராண்ட்பாஸ் முழுக்கத் தேயிலை மணம்,
உள்ளே என் தராசில் வேறு யாரோ.

கடிதத்தில் தட்டெழுதிய நாள் இருக்கிறது:
முப்பத்தொன்று.
சிங்களத்தில் ஐந்து வரி,
பதினொரு கிலோ குறைவு என்று.
தவமலர் என்ற பெயரிலும் ஓரெழுத்துக் குறைவு.

அது என் கைக்கு வந்த நாள் இருக்கிறது:
செப்டெம்பர் ஒன்பது.
பழைய விலாசத்துக்குப் போய் அங்கேயே கிடந்து,
இப்போது அங்கே குடியிருக்கும் மீன்காரரின் மருமகள்
கொண்டுவந்து தந்தாள்.
உறையில் ஒரு செதில் ஒட்டியிருந்தது.

மிஸ் மூன்றையும் எழுதினார்.
"ஆறு மாதம். ஆறு முப்பது இல்லை,
கலண்டர் மாதம்."
நான் விரல் மடக்கினேன்.
முப்பத்தொன்றிலிருந்து இறங்கி வந்தால்
பெப்ரவரியில் கால் வைக்க இடமில்லை.
இருபத்தெட்டோடு தரை.

இடையில் நான் சும்மா இருக்கவில்லை, மிஸ்.
மெனேஜர் கொடித்துவக்கு சொன்னார்:
தீபாவளி போகட்டும், பார்ப்போம்.
போனது.
டிரெக்டர் கொரியாவில், நத்தார் முடிய வருவார்.
வந்தார்.
தைப்பொங்கலுக்கு ஒரு பொதி தேயிலை அனுப்பினார்கள்,
நல்ல தூள், நான் நிறுத்த அதே ரகம்.
குடித்துக் குடித்துக் காத்திருந்தேன்.

"அதையெல்லாம் சட்டம் கழிக்காது" என்றார்.
"நீங்க கெஞ்சின நாளும் அவங்க சிரிச்ச நாளும்
எண்ணிக்கைக்குள்ளதான்."
எனக்கு ஆறுதல் சொன்னவர்கள்
கலண்டரைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார்களோ!

"நல்ல நாளைப் பிடிக்காதீங்க. கெட்ட நாளைப் பிடிங்க.
கேற் நாள்."
அந்த இருபத்தேழையும் சேர்ப்பதா, விடுவதா?
"அதை அவங்கட லோயர் வாதாடட்டும். நாங்க சேர்ப்போம்."
அப்படியென்றால் பெப்ரவரி இருபத்தாறு.
இருபத்துநான்கு நவம் போயா, கந்தோர் பூட்டு.
இன்று இருபத்துமூன்று,
பின்னேரம் மூன்றரை.
இனித்தான் தட்டெழுத வேண்டும்.

மிஸ் பேனாவை மூடினார்.
ஆறு மாதத்தை நான் ஒரு குடம் என்று நினைத்திருந்தேன்.
அடியில் ஈரம்தான் இருந்தது.

இருபத்தைந்து காலை
கொம்பனித்தெருவில் பஸ் ஊர்ந்தது.
இரவு பெரஹெரா போன வழியெல்லாம்
யானைச் சாணத்தைக் கூட்டி அள்ளிக்கொண்டிருந்தார்கள்
செம்மஞ்சள் மேற்சட்டைக்காரர்கள்.
இவர்களுக்குக் கடிதம் கொடுத்து நிறுத்துவார்களா,
கொடுக்காமலா என்று யோசித்தேன்.
யோசிக்கிற புத்தி இப்போது அப்படித்தான் போகிறது.

கருமபீடத்தில் மூன்று பிரதிகளை நீட்டினேன்.
அந்தப் பையன் முத்திரையை மையில் ஒற்றி
பழைய பேப்பர் ஓரத்தில் குத்திப் பார்த்தான்.
இருபத்துமூன்று.
விடுமுறைக்கு முன் நின்ற இடத்திலேயே நின்றிருந்தது.
"ஆ" என்றான்.
சின்னச் சில்லை நகத்தால் தள்ளினான்,
நான்கு,
ஐந்து.

இவ்வளவு லேசாகவா, தம்பி?
தள்ளினால் போகுமென்றால்
மற்றப் பக்கமும் கொஞ்சம் தள்ளேன்,
தீபாவளிக்கு முன்னால்,
செதில் ஒட்டிய உறைக்கு முன்னால்,
அட்டை இன்னும் என் கழுத்தில் தொங்கும்
ஒரு புதன்கிழமை வரைக்கும்.

கேட்கவில்லை.
அவன் மூன்று தரம் குத்தினான்.
என் பிரதியை வாங்கி மை காயும்வரை ஊதினேன்,
சூடான தேநீரை ஊதுவதுபோல.
வென்றதாக எதுவும் அதில் எழுதியிருக்கவில்லை.
பிந்தவில்லை, அவ்வளவுதான்.

வெளியே வெயில்.
ஆறு மாதத்தில் ஒரு நாள் மிச்சம்.
அதை என்ன செய்வதென்று தெரியாமல்
பஸ்ஸுக்கு நின்றேன்.